குனிந்து பார்த்தவன்

தம்பி,

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் நம்பரை எடுத்தேன். நீ "சாப்டீங்களாப்பா" என்று கேட்பாய், நான் "ஆச்சுப்பா" என்பேன், அதற்கு மேல் என் வாய் நகராது என்று எனக்கே தெரியும். ஆயுள் முழுக்க வி.ஏ.ஓ.வாக இருந்தவனுக்கு வாயைவிடக் கை கொஞ்சம் உதவும். அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்று ஒரு பத்திரிகைக்கும் போகிறது. உன்னைக் கேட்காமல் அனுப்புகிறேனே என்று கோபப்படாதே. ஏன் என்பது கடைசியில் வரும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையில் உன் படத்தைச் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் போட்டுக் காட்டினாய். அடுத்த மாதம்தான் ஊருக்கெல்லாம் வெளியாகிறது என்றாய். எனக்கு இரண்டாவது வரிசையில் நடு சீட்டு. எனக்கு வலப்பக்கம் உன் தாய்மாமன், வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் பாப்கார்ன். விளக்கை அணைத்ததும் திரையில் முதலில் வந்த எழுத்து என்ன என்பது உனக்குத் தெரியும், நீதான் எழுதினாய். "பொய் சொல்லத் தெரியாத என் அப்பாவுக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். உன் மாமா என் தொடையில் தட்டி, "மாப்ள, பாத்தீகளா, பய அப்பனுக்குக் கோயிலே கட்டிட்டான்" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இருட்டில் யார் பார்த்தது.

உன் படம் நல்ல படம். இதைச் சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டதும், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சாக்குமூட்டை மாதிரி ஏற்றிப்போனதும் அங்கங்கே கேள்விப்பட்டதுதான். ஆனால் போர் முடிந்தபிறகு சிங்கப்பூரில் கோர்ட் வைத்து விசாரித்தார்கள் என்பதோ, அந்தக் கோர்ட்டில் செத்துப்போன தமிழனுக்காகப் பேச ஆள் கிடைப்பது எம்புட்டுக் கஷ்டம் என்பதோ எனக்குத் தெரியாது. நீ மலேசியாவுக்கு இரண்டு முறை போய் வந்தது வீண்போகவில்லை. அந்தக் கட்டைச் சுவர் கோர்ட், மேலே சுற்றுகிற மின்விசிறி, மூன்று மொழியில் மாறி மாறிப் போகிற கேள்வி, எல்லாவற்றையும் கண்ணில் நிறுத்திவிட்டாய்.

நடுவில் ஒரு கிராணி வருகிறான். முகாமில் செத்தவர்கள் பேரைப் பதிந்த தமிழ்க் குமாஸ்தா. அடிபட்டுச் செத்தவனுக்கும் பட்டினியில் போனவனுக்கும் ஒரே காரணத்தைத்தான் எழுதியிருக்கிறான், 'காய்ச்சல்' என்று. வக்கீல் கேட்கிறார், நீ பார்த்தாயா என்று. "நான் பார்க்கவில்லை துரை, எழுதச் சொன்னார்கள், எழுதினேன்" என்கிறான். அந்த இடத்தில் அவன் கை நடுங்குகிறது, தொண்டை கம்முகிறது, வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டுகிறது. தியேட்டரே உச்சுக்கொட்டியது. உன் மாமா என் காதருகே குனிந்து, "மாப்ள, இந்தக் கிராணிப் பய எப்பிடிப் புளுகுறான் பாருங்க. இவன்லாம் நல்லாருப்பானா" என்றார்.

தம்பி, உன் படத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தப்பு அதுதான். அவன் நடுங்கமாட்டான். பார்த்தவன் பார்க்கவில்லை என்று சொல்லும்போது கை நடுங்குவதே இல்லை. குரல் தெளிவாக வரும். சொல்லவேண்டியதை முடிவு செய்துகொண்டுதானே வந்திருப்பான். சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்து ஓட்டலில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாய் இல்லையா. நான் அப்படிச் சாம்பார் கேட்டவன், அதனால்தான்.

உனக்கு இரண்டரை வயதிருக்கும். நாம் அப்போது பேரையூருக்கு மேற்கே உன் அம்மா பிறந்த ஊருக்கு நாலு மைல் தள்ளிக் குடியிருந்தோம். அந்த ஊரும் என் பொறுப்பில் இருந்தது. அங்கே காலனியில் சோலை என்று ஒருவர். கூலி வேலைக்காரர். கருத்து ஒல்லியாக, பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார். அந்தத் தெருக்காரர்களின் சுடுகாட்டுப் பாதை உன் மாமாவின் பருத்திக்காட்டு ஓரமாகப் போகும். ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சால் உள்ளே வந்து, வந்து, கடைசியில் பாதையே காடாகிவிட்டது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு செடிக்குள்ளே நடந்தால் செடியை மிதித்தாய் என்று சண்டை. சோலை என்னிடம் வந்து, "ஐயா, வரைபடத்துல பாதை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். இருந்தது. பத்தடிப் பாதை. நகல் எடுத்துக் கொடுத்தேன். மச்சானுடைய நிலம் என்று தெரிந்தும் கொடுத்தேன். அதுவரைக்கும் நான் ஒழுங்கான ஆள்தான், அதை மறுக்கமாட்டேன். அவர் அதை எடுத்துப்போய் மனுக் கொடுத்தார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் எனக்கு ஆள் வந்தது. சோலை ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் காவலுக்குப் படுப்பார். செங்கல் சுவர், பனையோலைக் கூரை, ஒற்றைக் கதவு. கூரை எரிந்து உள்ளே விழுந்திருந்தது. அவர் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தார். கஞ்சி கொண்டுவந்த அவர் சம்சாரம் தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தது. இருட்டோடு கஞ்சி எடுத்து வரும்போது, தீ தெரிந்த பக்கமிருந்து உன் மாமாவும் அவர் பங்காளிகள் இரண்டு பேரும் வரப்பில் நடந்து போனதைப் பார்த்ததாக அந்த அம்மாதான் சொன்னது. கதவு பாதி எரிந்து சட்டத்திலேயே நின்றது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் நான் குனிந்து பார்த்தேன். நாதாங்கி வெளிப்பக்கம் மாட்டியிருந்தது. அது கழன்றுவிடாமல் ஒரு நீள ஆணியும் செருகியிருந்தது. தீ பிடித்ததா, வைத்ததா என்ற கேள்விக்கே அதற்கப்புறம் இடமில்லை.

மகஜர் என்றால் உனக்குத் தெரிந்திருக்கும். சம்பவ இடத்தில் இருந்ததை இருந்தபடி எழுதி, வி.ஏ.ஓ.வும் கிராம உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற காகிதம். அன்றைக்கு வந்த இன்ஸ்பெக்டர் சரியான மனிதர். நான் சொன்ன நாதாங்கியையும் ஆணியையும் அப்படியே எழுதினார். ஜீப்பின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கதவைத் தொட்ட கை. கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் கரி அப்பிக்கொண்டது.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். என் சர்வீசில் நான் போட்ட மகஜர்களில் முக்கால்வாசி, இடத்தைப் பார்க்காமல் போட்டவை. ஸ்டேஷனில் இருந்து ஆள் வரும், போய் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். அப்புறம் கோர்ட்டில் கேட்டால் "நேரில் போனேன், பார்த்தேன்" என்போம். எங்கள் ஆட்கள் யாருக்கும் அது பொய் என்றே தோன்றாது. வேலை அப்படித்தான் நடந்தது. பார்க்காத இத்தனை இடங்களைப் பார்த்தேன் என்று சொன்ன நான், போய்க் குனிந்து பார்த்த அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் ஒருவர்கூட அதைச் சந்தேகப்படவில்லை.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. உன் மாமா ஜாமீனில் வெளியே இருந்தார். இதற்குள் உனக்கு ஐந்து தாண்டிவிட்டது, காது குத்தவில்லை. ஒற்றை ஆம்பளைப் பிள்ளை, ஒரே தாய்மாமன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது நம் பக்கத்தில் யாரும் மீறாத முறை. என் சாட்சிக்கு நாள் குறித்த சம்மன் வந்த அன்றைக்கு உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "எங்கண்ணனுக்கு ஆயுள் தண்டனை குடுத்துட்டா எம்புள்ளையை எவன் மடியில வச்சுக் காது குத்துவீக? செயில்ல போய்க் குத்துவீகளா?" என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன் மாமா நேரில் வரவேயில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாய்மாமன் சீர் என்று உனக்கு ஒரு பட்டு வேட்டியும் சின்னக் கடுக்கனும் மட்டும் முன்கூட்டியே கொடுத்தனுப்பினார்.

உன் அம்மாவின் மேல் பழியைப் போடுகிறேன் என்று நினைக்காதே. அவள் அண்ணனுக்காக அழுதாள், எந்தத் தங்கையும் அழுவாள். கூண்டில் ஏறியது அவள் இல்லை. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை சொல்ல முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு வருஷமும் சொல்லவில்லையே. ஆக அதுவும் சாக்குதான்.

கோர்ட்டில் எனக்கு முன்னால் கிராம உதவியாளரைக் கூப்பிட்டார்கள். பாவம், அவர் ஏறும்போது திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து நான். அரசு வக்கீல் மகஜரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். எங்கே வைத்துப் போட்டீர்கள் என்றார். ஸ்டேஷனில் என்றேன். சம்பவ இடத்துக்குப் போனீர்களா என்றார். போகவில்லை என்றேன். காகிதம் என் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் கரி அப்படியே இருந்தது, ரேகைகூடத் தெரிந்தது. அந்தக் கரி எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை. பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டு என்னை இறக்கிவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. உன் படத்தில் வருகிற மாதிரி கூட்டம் எல்லாம் இல்லை. பாதி பெஞ்ச் காலி.

வெளியே வேப்பமரத்தடியில் சோலையின் சம்சாரம் நின்றது. பக்கத்தில் பத்து வயதுப் பெண் பிள்ளை, பள்ளிக்கூட யூனிபார்மோடு. நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. "ஐயா, நீங்கதான குனிஞ்சு பாத்தீக?" என்று கேட்டது. அவ்வளவுதான். ஏதோ எனக்கு மறந்துபோயிருக்கும், எடுத்துச் சொன்னால் ஞாபகம் வந்துவிடும் என்பது மாதிரி கேட்டது. நான் ரோட்டைத் தாண்டி ஓட்டலுக்குப் போனேன். சாப்பாடு நன்றாக இருந்தது. அதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மூன்று பேருக்கும் விடுதலை. சாட்சி இல்லாத மகஜர் நிற்கவில்லை, அந்த அம்மா பார்த்தேன் என்று சொன்னது மட்டும் போதவில்லை. எனக்கு மேலதிகாரி ஒரு மெமோ கொடுத்தார், பிறகு அதுவும் மூடிப்போனது. தை மாதம் குலசாமி கோயிலில் உனக்குக் காது குத்தினோம். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவைப் பார். மாமா மடியில் நீ வாயைப் பிளந்து அழுகிறாய், மாமா உன் தலையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார், ஆசாரி குனிந்திருக்கிறார். நான் எங்கே என்று நீ சின்ன வயதில் கேட்பாய். போட்டோ எடுத்தவனுக்குப் பின்னால் நின்றேன். உன் காதில் இருக்கிற இரண்டு துளையும் ஒரு மனிதரின் வழக்கை விற்று வாங்கியவை. இதை ஒரு தகப்பன் பிள்ளைக்கு எழுதக் கூடாதுதான்.

நீ அன்றைக்கு மேடையில் ஒரு கதை சொன்னாய். ஏழாம் வகுப்பில் ட்யூஷனுக்குப் போகாமல் போனதாகப் பொய் சொன்னாய் என்று நான் ஸ்கேலால் அடித்ததையும், "பொய் சொல்றவனுக்கு இந்த வீட்ல சோறு கிடையாது" என்று சொல்லி அன்றைக்கு முழுவதும் பட்டினி போட்டதையும் பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கு உன் கை வீங்கியது. ஒரு ட்யூஷன் பொய்க்கு அம்புட்டு அடி எதற்கு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. என்னை அடித்துக்கொள்ள வேண்டிய அடியை உன்மேல் இறக்கினேன். மனுக் கொடுக்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன மாம்பழப் பையை உன் கையிலேயே கொடுத்துத் திருப்பி அனுப்புவேனே, அதுவும் அந்த வகைதான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம் ஒரு டீகூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை. அதை வைத்து நீ உன் அப்பாவைக் கட்டிக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை.

படம் பார்த்த மறுநாள் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கோர்ட்டில் ஒன்றும் ஆகாது, வீட்டில் போய் நிம்மதியாக இருங்கள் என்றார். அதற்கடுத்த நாள் ஒத்தக்கடைக்குப் போனேன். சோலையின் மகள், அந்த யூனிபார்ம் பிள்ளை, பேச்சியம்மாள், அங்கே ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறார் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. அம்மா போன வருஷம் இறந்துவிட்டாராம். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்ததும் இல்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாதாங்கி, ஆணி, பானெட், கரி எல்லாம். அவர் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை.

முடித்ததும், "இத எதுக்கு சார் எங்கிட்டச் சொல்றீங்க?" என்றார். "நீங்க பாத்தீங்கன்னு எனக்குத் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியும். எங்க தெருவுக்கே தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

உன் படத்தைப் பற்றிச் சொன்னேன். படம் தொடங்கும்போது வருகிற, என் பெருமையைச் சொல்லும் அந்த எழுத்து அட்டையை எடுக்கச் சொல்லி, அங்கே உங்கள் அப்பா பேரைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவர் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வேணாம் சார். எங்கப்பா பேரை வச்சு நீங்க நல்லவராக வேணாம்" என்றார். பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

தெரியாதவர்கள் யார் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் தெருவுக்கு வெளியே இருக்கிற எல்லோரும்தான். அதில் முதல் ஆள் நீ. அதனால்தான் உனக்குக் கடிதம், பத்திரிகைக்கு நகல். நீ என்னைப் பற்றித் திரையில் எழுதியதை ஊரே படிக்கப்போகிறது. நான் என்னைப் பற்றி எழுதுவதையும் ஊர் படிக்கட்டும். உன் படத்துக்கு இதனால் கெட்ட பேர் வரலாம். மாமா வீட்டோடு உறவு அறுந்துபோகலாம். நாளைக்கு உன் கல்யாணத்துக்கு ஒருவரும் வராமல் போகலாம். எனக்கு அதெல்லாம் தெரிகிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்த அட்டையை எடுத்துவிடு. அந்த இடத்தில் வேறு எதையும் போடாதே. கிராணியின் நடுக்கத்தையும் முடிந்தால் எடு. அவனைத் தெளிவாகப் பேசவிடு, பேசிவிட்டுப் போய்ச் சாப்பிடவிடு. பார்க்கிறவர்கள் அவனுக்காக உச்சுக்கொட்டக் கூடாது. அப்புறம் என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

இதுவரைக்கும் திருப்பரங்குன்றம் வீட்டில் வைத்து எழுதினேன். மிச்சத்தை இன்று காலை பஸ் ஏறி வந்து இந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மோட்டார் ரூம் சுவர் மூன்று பக்கம் நிற்கிறது. கூரை இல்லை. உள்ளே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. கதவு இருந்த இடத்தில் சட்டத்தின் ஒரு கட்டை மட்டும் இருக்கிறது. சுடுகாட்டுப் பாதையை நடந்து பார்த்தேன். இன்றைக்கும் பருத்திதான்.

கொஞ்ச நேரம் முன்னால் உன் மாமா புல்லட்டில் இந்தப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். "என்ன மாப்ள, இம்புட்டு வெயில்ல இங்க உக்காந்து என்ன பண்றீக? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"மகஜர் எழுதுறேன் மச்சான்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சுவரைப் பார்த்தார், என் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். வண்டியை அணைக்கவில்லை, பக்கத்திலும் வரவில்லை. "யாருக்கு?" என்று கேட்டார். "ஒங்க மருமகனுக்கு" என்றேன். வண்டியைத் திருப்பி, வந்த வழியே போனார்.

கதவு பாதி எரிந்து சட்டத்தில் நின்றது. நாதாங்கி வெளிப்பக்கம் மாட்டி, ஆணி செருகியிருந்தது. சோலை கதவுக்கு உள்ளே, கதவைத் தொட்டபடி கிடந்தார். நான் போனேன். குனிந்து பார்த்தேன். சம்பவ இடத்தில் வைத்தே எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்திடுகிறேன்.

உன் அப்பா